பதினைந்து ஜிபியின் பங்காளிகள்

கூகுள் நிறுவனம் ஒரு கணக்குக்குக் கட்டணமின்றி ஒதுக்கித் தரும் 15 ஜிபி சேமிப்பிடம் மின்னஞ்சலுக்கு மட்டும் உரியதன்று. ஜிமெயிலில் வந்து சேரும் கடிதங்களும், டிரைவில் ஏற்றி வைத்த கோப்புகளும், கூகுள் போட்டோஸில் தானாகப் போய்ச் சேரும் படங்களும், ஆண்ட்ராய்டு கைபேசியில் எடுக்கப்படும் வாட்ஸ்அப் காப்புப் பிரதியும் அந்த ஒரே இடத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. பாகம் பிரிக்காத குடும்ப நிலத்தில் ஒரு பங்காளி சத்தமில்லாமல் வேலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தால் மற்றவருக்கு நடக்க வரப்பும் மிஞ்சாது. அதுபோலப் படங்களும் வீடியோக்களும் பெருகப் பெருகக் கடிதத்துக்கான இடம் சுருங்கிவிடுகிறது. ஆகவே, சேமிப்பிடம் நிரம்பிவிட்டது, இனி மின்னஞ்சல் பெற இயலாது என்ற அறிவிப்பு திரையில் தோன்றும்போது, இடத்தை நிரப்பியது பெரும்பாலும் மின்னஞ்சல் அன்று. தண்டனை மட்டும் அதற்குப் போய்ச் சேர்கிறது.

கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலையும், பண்ருட்டி வழியாகக் கும்பகோணத்துக்குச் செல்லும் சாலையும் குறுக்கிடும் வடலூர் போன்ற ஊர்களில் இந்தத் தண்டனையின் கனம் பெருநகரங்களில் இருப்பதைவிடக் கூடுதல். நெய்வேலியில் ஒப்பந்த வேலைக்கோ தொழிற்பழகுநர் பயிற்சிக்கோ விண்ணப்பிப்பவர், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வியில் சேர்ந்தவர், சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ போகக் காத்திருப்பவர், டிஎன்பிஎஸ்சி தேர்வுக்கு நிரந்தரப் பதிவு செய்தவர் ஆகிய யாவருக்கும் மின்னஞ்சல் என்பது கடிதம் எழுதுவதற்கான கருவியாக இல்லாமல், அலுவலகங்களும் வங்கிகளும் வந்து கதவைத் தட்டும் முகவரியாகவே இருக்கிறது. அவர்களில் பலர் ஆண்டு முழுவதும் ஒரு கடிதம்கூட எழுதுவதில்லை. கைபேசி வாங்கிய கடையிலோ இ-சேவை மையத்திலோ திறந்து கொடுத்த கணக்கை அப்படியே வைத்திருக்கிறார்கள். கணக்கின் கடவுச்சொல்லே நினைவில் இல்லாதவருக்கு அதன் கொள்ளளவு எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் நேர்காணல் அழைப்போ, ஒருமுறைக் கடவுச்சொல்லோ, விசா தொடர்பான ஒப்புதல் கடிதமோ அந்த முகவரிக்குத்தான் வந்தாக வேண்டும்.

வரம்பு நிறைந்ததும் நடப்பது என்ன என்பதைத் தெளிவாக அறிந்துகொள்வது நல்லது. ஜிமெயிலில் அனுப்பவும் பெறவும் முடியாது. வரும் கடிதம் எங்கோ ஒரு மூலையில் காத்திருந்து இடம் கிடைத்ததும் உள்ளே நுழைவதில்லை, அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும். மின்னஞ்சல் அனுப்புவதற்கான நெறிமுறை 1982-இல் வகுக்கப்பட்டபோதே, பெறுநருக்கு ஒதுக்கிய இடம் தீர்ந்துவிட்டது என்று தெரிவிக்க 552 என்ற எண் அதில் குறிக்கப்பட்டிருந்தது. சிக்கல் அவ்வளவு பழையது. திரும்பிய கடிதத்தை அனுப்பியவர் மனிதராக இருந்தால் தொலைபேசியில் அழைத்துக் கேட்கக்கூடும். தேர்வு வாரியத்தின் கணினியோ வங்கியின் கணினியோ அப்படி அழைப்பதில்லை. பெறுநரோ ஒன்றும் வரவில்லையே என்று எண்ணிக்கொண்டிருப்பார். தவறிய கடிதத்தின் சுவடுகூட அவர் பெட்டியில் இராது. அதற்கும் மேலாக, தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் வரம்பைத் தாண்டிய நிலையிலேயே ஒரு கணக்கு இருந்தால் அதில் உள்ள கடிதங்களையும் கோப்புகளையும் படங்களையும் நீக்கிவிடும் உரிமை தனக்கு உண்டு என்று கூகுள் தன் விதிகளில் எழுதி வைத்திருக்கிறது. அந்த விதி 2021 ஜூன் முதல் நடப்பில் உள்ளது.

இந்த நிலை ஏற்பட்டதற்கு ஒரு வரலாறு உண்டு. 1996-இல் சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் தொடங்கிய ஹாட்மெயில், உலாவி வழியாக எவரும் எங்கிருந்தும் இலவசமாகப் படிக்கக்கூடிய மின்னஞ்சலை உலகுக்குப் பழக்கியது. அதன் பின் பல ஆண்டுகள் கழித்தும் அது கொடுத்த இடம் 2 எம்பி. யாகூ கொடுத்தது 4 எம்பி. இன்றைய கைபேசியில் எடுத்த ஒரே ஒரு படம் அந்த முழுப் பெட்டியையும் நிரப்பிவிடும். கடலூரிலும் சிதம்பரத்திலும் மணிக்கணக்கில் காசு கொடுத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்த தலைமுறைக்கு, வந்த கடிதத்தைப் படித்ததும் அழிப்பது எழுந்து போகுமுன் செய்ய வேண்டிய கடமையாக இருந்தது. 2004 ஏப்ரல் 1 அன்று கூகுள் ஜிமெயிலை அறிவித்து, ஒருவருக்கு 1 ஜிபி, அதாவது ஹாட்மெயிலைப் போல ஐந்நூறு மடங்கு இடம் தருவதாகச் சொன்னபோது, தேதியைப் பார்த்த பலர் அதை முட்டாள்கள் தின வேடிக்கை என்றே எண்ணினார்கள். பால் புக்ஹைட் என்ற பொறியாளர் உருவாக்கிய அந்தச் சேவையின் கொள்கை எளிமையானது: இனி எதையும் அழிக்க வேண்டாம், அடுக்கி வைக்கவும் வேண்டாம், தேவைப்படும்போது தேடி எடுத்துக்கொள்ளலாம். அடுத்த ஆண்டு அதே நாளில் அந்த அளவு 2 ஜிபி ஆயிற்று. அதன் பிறகு நுழைவுப் பக்கத்திலேயே ஓர் எண் ஓடிக்கொண்டிருக்க, இடம் நாள்தோறும் சிறிது சிறிதாக வளர்ந்தது. போட்டியாளர்களும் பின்தொடர்ந்தார்கள், யாகூ 2007-இல் வரம்பே இல்லை என்றது.

அழிக்கத் தேவையில்லை என்று பழகிய கை பிறகு அழிக்கும் பழக்கத்துக்குத் திரும்பவில்லை. ஆனால் கொடுத்தவர்கள் தங்கள் சொல்லிலிருந்து மெல்லத் திரும்பினார்கள். 2013 மே மாதத்தில் ஜிமெயிலுக்குத் தனியாகவும், டிரைவுக்கும் படங்களுக்கும் சேர்த்துத் தனியாகவும் இருந்த இடங்களைக் கூகுள் ஒன்றாக்கி 15 ஜிபி என்று அறிவித்தபோது அது தாராளமாகத் தோன்றிற்று. 2021 ஜூன் 1 முதல், அதுவரை கணக்கில் சேராதிருந்த சுருக்கப்பட்ட படங்களும் 15 ஜிபிக்குள் எண்ணப்படலாயின. 2023 டிசம்பரில் தொடங்கி 2024-இன் முற்பகுதிக்குள், ஆண்ட்ராய்டு கைபேசிகளின் வாட்ஸ்அப் காப்புப் பிரதியும் அதே கணக்கில் சேர்க்கப்பட்டது. 2018 முதல் அது கணக்கில் வராமல் இருந்தது. மைக்ரோசாஃப்ட், அவுட்லுக் கடிதங்களோடு வரும் இணைப்புக் கோப்புகளை 2023 பிப்ரவரி முதல் தனது 5 ஜிபி இலவச மேகச் சேமிப்பின் கணக்கில் எண்ணத் தொடங்கியது. வரம்பில்லை என்று 2007-இல் சொன்ன யாகூ 2013-இல் 1 டிபி என்று ஓர் எல்லை வைத்து, 2025-இல் அதை 20 ஜிபியாகக் குறைத்தது. இந்த மாற்றங்களில் எதையும் மோசடி என்று சொல்லிவிட முடியாது, ஒவ்வொன்றும் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டதுதான். ஆனால் அந்த அறிவிப்புகள் வந்து சேர்ந்த இடமும் யாரும் திறந்து பார்க்காத அதே மின்னஞ்சல் பெட்டி என்பதை மறந்துவிடக் கூடாது.

எது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்ற அளவறிவு இருந்தால் பாதி வேலை முடிந்துவிடும். கணினி எழுத்தைக் குறிக்கப் பயன்படுத்தும் சிற்றளவு பைட் எனப்படும். ஆயிரம் பைட் ஏறத்தாழ ஒரு கேபி, ஆயிரம் கேபி ஓர் எம்பி, ஆயிரம் எம்பி ஒரு ஜிபி. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். யூனிகோடு முறையில் இன்று வழங்கும் தமிழுக்கு ‘க’ என்ற எழுத்துக்கு மூன்று பைட்டும், ககரமும் இகரக் குறியும் சேர்ந்த ‘கி’ என்ற எழுத்துக்கு ஆறு பைட்டும் ஆகும். தமிழில் எழுதினால் இடம் அதிகம் பிடிக்கும் என்ற பேச்சுக்கு இது காரணமாக இருக்கலாம். பேச்சு உண்மை, ஆனால் பொருட்படுத்தத் தக்கதன்று: இரண்டு பக்கம் வரும் தமிழ்க் கடிதம்கூடச் சில பத்துக் கேபிக்கு மேல் போகாது. வடலூரில் 1867-இல் சத்திய தருமச்சாலையையும் 1872-இல் சத்திய ஞான சபையையும் நிறுவிய இராமலிங்க அடிகளின் திருவருட்பா, ஆறு திருமுறைகளும் சேர்ந்து ஆறாயிரத்தை நெருங்கும் பாடல்களைக் கொண்டது. அது முழுவதையும் யூனிகோடு எழுத்தில் தட்டச்சு செய்து வைத்தாலும் 10 எம்பிக்குள் அடங்கிவிடும். அதே வடலூரில் தைப்பூசத்தன்று கூடும் மக்கள் வெள்ளத்தைக் கைபேசியில் ஒரே ஒரு நிமிடம் படம்பிடித்தால், கைபேசியின் தரத்துக்கேற்ப 60 முதல் 130 எம்பி வரை பிடிக்கும். சொல்லுக்கும் காட்சிக்கும் இடையே உள்ள இந்த மலையளவு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டவர், ஆயிரக்கணக்கான கடிதங்களை ஒவ்வொன்றாகத் திறந்து அழிக்கும் வீண்வேலையில் இறங்கமாட்டார்.

விளம்பரமும் படமுமாக வரும் வணிகக் கடிதம் ஒன்றுக்குச் சராசரியாக 50 கேபி என்று கொண்டால், 15 ஜிபியை நிரப்ப மூன்று லட்சம் கடிதங்கள் வேண்டும். 20 எம்பி இணைப்புகளைக் கொண்ட கடிதங்கள் என்றால் 750 போதும். இணைப்புகளின் கனம் கூடுவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. மின்னஞ்சல் முதலில் வெறும் ஆங்கில எழுத்தைச் சுமந்து செல்வதற்கென்றே அமைக்கப்பட்டது. படத்தையும் ஒலியையும் அதில் ஏற்றுவதற்கு 1992-இல் நத்தானியேல் போரென்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் வகுத்த மைம் என்ற ஏற்பாடு, கோப்பின் ஒவ்வொரு மூன்று பைட்டையும் நான்கு எழுத்துகளாக மாற்றி அனுப்புகிறது. எனவே 9 எம்பி கோப்பு மின்னஞ்சலில் ஏறும்போது 12 எம்பி ஆகிவிடுகிறது. அனுப்பியவரின் ‘அனுப்பியவை’ பகுதியிலும் பெறுநரின் பெட்டியிலும் அது தனித்தனியே இடம் பிடிக்கும். வந்த இணைப்பை இன்னொருவருக்குத் திருப்பி அனுப்பினால் அந்தப் பிரதிக்கும் மீண்டும் ஒருமுறை இடம் போகும். வேலைக்கு விண்ணப்பிக்கும் ஒருவர் பத்தாம் வகுப்பு முதல் பட்டம் வரையான சான்றிதழ்களைப் பத்து இடங்களுக்கு அனுப்பினால், அவருடைய ‘அனுப்பியவை’ பகுதியில் அதே சான்றிதழ்கள் பத்துமுறை குவிந்திருக்கும். பெட்டியைத் துடைக்க நினைப்பவர்கள் எல்லோரும் இன்பாக்ஸைப் பார்க்கிறார்கள், இந்தப் பகுதியைப் பார்ப்பவர் குறைவு.

துடைக்கும் வேலையைத் தொடங்க வேண்டிய இடம், கூகுள் ஒன் பகுதியில் உள்ள சேமிப்பிட மேலாண்மைப் பக்கம். 15 ஜிபியில் ஜிமெயிலுக்கு எவ்வளவு, டிரைவுக்கு எவ்வளவு, படங்களுக்கு எவ்வளவு என்று அது பிரித்துக் காட்டுவதோடு, பெரிய இணைப்புகளைக் கொண்ட கடிதங்களையும், பெரிய கோப்புகளையும், பெரிய வீடியோக்களையும் அளவு வாரியாக வரிசைப்படுத்தித் தருகிறது. மின்னஞ்சலுக்குள்ளேயே தேட விரும்புகிறவர், கணினியில் ஜிமெயிலின் தேடல் பட்டைக்கு வலப்புறமுள்ள வடிகட்டிக் குறியை அழுத்தி, அளவு 10 எம்பிக்கு மேல் என்று குறித்துத் தேடினால், பெட்டியில் உள்ள கனத்த கடிதங்கள் மட்டும் வெளியே வரும். பலரின் பெட்டியில் அந்தச் சிறு பட்டியலே பெரும்பகுதி இடத்துக்குப் பொறுப்பாக இருக்கக்கூடும். தேவையானதைக் கணினியிலோ பென் டிரைவிலோ இறக்கி வைத்துக்கொண்டு, கடிதத்தை அழித்துவிடலாம். இணைப்பை மட்டும் நீக்கிக் கடிதத்தை வைத்துக்கொள்ளும் வசதியை ஜிமெயில் இன்றுவரை தரவில்லை என்பது வருந்தத்தக்கது.

அழித்தது அழிந்ததா என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. அழித்த கடிதம் டிராஷ் எனப்படும் குப்பைப் பகுதிக்குப் போய் 30 நாள் அங்கேயே இருக்கும். அந்த 30 நாளும் அது இடத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். ஸ்பேம் பகுதிக்கும் அதே 30 நாள். கூகுள் போட்டோஸின் குப்பைப் பகுதிக்கோ 60 நாள். அவசரமாக இடம் வேண்டியவர் இந்தக் குப்பைப் பகுதிகளைத் தனித்தனியே காலிசெய்ய வேண்டும். அதன் பிறகும் கணக்கில் இடம் காலியானதாகத் தெரியச் சில மணி நேரம் ஆகலாம். ஆர்க்கைவ் என்ற பொத்தானை அழுத்தினால் கடிதம் இன்பாக்ஸிலிருந்து கண்மறைவாகப் போகுமே தவிர ஒரு பைட் கூட மிச்சமாகாது. ஒரே கடிதத்துக்கு மூன்று லேபிள் ஒட்டினாலும் மூன்று பிரதி ஆகாது என்பதால், லேபிள்களை நீக்குவதாலும் பயனில்லை.

படங்களைப் பொறுத்தவரை எச்சரிக்கை இன்னும் கூடுதலாகத் தேவை. கைபேசியோடு இணைந்திருக்கும் கூகுள் போட்டோஸில் ஒரு படத்தை அழித்தால், அது மேகத்திலிருந்து மட்டுமன்றிக் கைபேசியிலிருந்தும் போய்விடும். கைபேசியில் பத்திரமாக இருக்கும் என்று நம்பித் திருமணப் படங்களை மேகத்தில் அழிப்பவர் இரண்டு இடத்திலும் இழந்துவிடுவார். முதலில் கணினிக்கோ வன்தட்டுக்கோ ஒரு பிரதி எடுத்துவிட்டு, அது திறக்கிறதா என்று பார்த்த பின்பே அழிக்க வேண்டும். மூலத்தரத்தில் ஏற்றிய படங்களைச் சேமிப்பைக் குறைக்கும் தரத்துக்கு மாற்றும் வசதியும் அதன் அமைப்புகளில் இருக்கிறது. வீட்டு நிகழ்ச்சிப் படங்களுக்கு அந்தத் தரமே தாராளம்.

வாட்ஸ்அப்பின் பங்கு பலருக்குக் கண்ணில் படுவதில்லை, ஏனெனில் அதன் காப்புப் பிரதி டிரைவில் சாதாரணக் கோப்பைப் போலத் தோன்றாது. குடும்பக் குழு, தெருக் குழு, பள்ளித் தோழர் குழு என்று ஒவ்வொன்றிலும் காலை வணக்கம் சொல்லும் பூப்படங்களும், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வரும் வாழ்த்து வீடியோக்களும் கைபேசியில் குவிந்து, அங்கிருந்து நள்ளிரவில் காப்புப் பிரதியாகக் கூகுள் கணக்குக்குப் போய்ச் சேர்கின்றன. இந்தியக் கைபேசிகள் இப்படிக் காலை வணக்கங்களால் நிரம்புவது கூகுளின் ஆய்வாளர்களே கவனித்த செய்தி; கைபேசியைத் துடைப்பதற்கென்று 2017 டிசம்பரில் டெல்லியில் அறிமுகமான ஃபைல்ஸ் கோ செயலி அத்தகைய படங்களை இனம்கண்டு ஒதுக்கக் கற்றது. வாட்ஸ்அப் அமைப்புகளில் உரையாடல் காப்புப் பிரதி என்ற பகுதியில் வீடியோக்களைச் சேர்க்க வேண்டாம் என்று குறித்துவிட்டால், ஒரே அசைவில் பல ஜிபி மிச்சமாகக்கூடும். கடிதத்துக்குத் தொடர்பே இல்லாத இந்த ஒரு மாற்றம்தான் பல பேருடைய மின்னஞ்சலை மீண்டும் ஓடவைக்கும் என்பது இந்தக் கூட்டுக் கணக்கின் வினோதம்.

வணிகக் கடிதங்கள் இடத்தைப் பெரிதாகப் பிடிப்பதில்லை என்றாலும் கவனத்தைப் பிடிக்கின்றன. முக்கியக் கடிதம் அவற்றின் நடுவே புதைந்து போகிறது. 2024 பிப்ரவரி முதல், நாளொன்றுக்கு ஐயாயிரத்துக்கு மேல் அனுப்பும் நிறுவனங்கள் ஒரே சொடுக்கில் விலகிக்கொள்ளும் வழியைத் தர வேண்டும் என்று கூகுளும் யாகூவும் விதித்திருப்பதால், விலகுவது முன்னைவிட எளிதாகியிருக்கிறது. ஆனால் முன்பின் அறியாத முகவரியிலிருந்து வரும் குப்பைக் கடிதத்தில் உள்ள விலகல் இணைப்பைத் தொடக் கூடாது. அதை ஸ்பேம் என்று குறிப்பதே முறை. உங்கள் பெட்டி நிரம்பிவிட்டது, இங்கே அழுத்தாவிட்டால் கணக்கு இன்றே மூடப்படும் என்று வரும் கடிதங்களும் பெரும்பாலும் கடவுச்சொல்லைத் திருட விரிக்கும் வலை. உண்மையான எச்சரிக்கையைச் சரிபார்க்கக் கடிதத்தில் உள்ள இணைப்பு தேவையில்லை; கணக்கைத் தானே திறந்து சேமிப்பிடப் பக்கத்தைப் பார்த்தால் போதும். ஏமாந்து பணம் இழந்தவர் உடனடியாக அழைக்க வேண்டிய எண் 1930.

பழைய மின்னஞ்சலை அழித்தால் மின்சாரமும் தண்ணீரும் மிச்சமாகும் என்று ஓர் அறிவுரையும் அவ்வப்போது கிளம்புகிறது. 2025 ஆகஸ்டில் வறட்சி நிலவிய இங்கிலாந்தில், தண்ணீரைச் சேமிக்கும் வழிகளில் ஒன்றாகப் பழைய கடிதங்களையும் படங்களையும் அழிக்குமாறு தேசிய வறட்சிக் குழு மக்களைக் கேட்டுக்கொண்டபோது, துறை அறிந்தவர்கள் அதைக் கேலி செய்தார்கள். சும்மா கிடக்கும் கடிதம் செலவழிக்கும் மின்சாரம் மிகச் சொற்பம். ஒழுகும் குழாயைச் சரிசெய்வது அதைவிடப் பன்மடங்கு பயன் தரும். இடம் வேண்டும் என்பதற்காக அழிக்கலாம். புண்ணியம் சேரும் என்பதற்காக அழிக்க வேண்டியதில்லை.

எதை அழிக்கக் கூடாது என்ற கேள்விக்கு இந்த வட்டாரத்தின் வரலாறு நல்ல விடை தருகிறது. வடலூரை அடுத்த கருங்குழியில் வாழ்ந்த காலத்தில் இராமலிங்க அடிகள் சென்னையிலிருந்த அன்பர் இறுக்கம் இரத்தின முதலியாருக்கும் மற்றவர்களுக்கும் எழுதிய கடிதங்கள், பெற்றவர்கள் தூக்கி எறியாமல் வைத்திருந்ததால்தான், பின்னாளில் ஆ. பாலகிருஷ்ண பிள்ளையின் அருட்பாப் பதிப்பில் அச்சேறின. பாடல்களை அச்சிட அடிகளின் இசைவைப் பெற அன்பர்கள் பட்ட பாடு இன்று தெரியவருவது அந்தக் கடிதங்களால்தான். சிதம்பரத்தில் மீனாட்சி தமிழ்க் கல்லூரிக்கு 1924 முதல் 1927 வரை தலைவராக இருந்த உ. வே. சாமிநாதையர், தமக்கு வந்த மூவாயிரத்துக்கு மேற்பட்ட கடிதங்களைப் பேணி வைத்தார். அவற்றில் 1900 வரையானவை ஆ. இரா. வேங்கடாசலபதியின் பதிப்பில் 2018-இல் நூலாக வெளிவந்தன. தமிழறிஞர்களான ஜி. யு. போப்பும் பாரிஸிலிருந்து ஜூலியன் வின்சோனும் எழுதியவற்றோடு, சாதாரண அஞ்சல் அட்டைகளும் அவற்றுள் உண்டு. ஒரு மனிதரின் வாழ்நாள் கடிதங்கள் முழுவதையும் எழுத்தாகத் தட்டச்சு செய்தால் இன்றைய 15 ஜிபியின் ஓர் ஓரத்தைக்கூட நிரப்பாது. அப்படியிருக்க, இடநெருக்கடியின் பெயரால் முதலில் மனிதர்கள் எழுதிய கடிதங்களை அழித்துவிட்டு, யாரோ அனுப்பிய வாழ்த்து வீடியோவை வைத்திருப்பது தலைகீழான கணக்கு.

சான்றிதழ்களைத் தமக்குத் தாமே மின்னஞ்சல் அனுப்பி வைத்துக்கொள்ளும் வழக்கத்தையும் இளக்காரமாக எண்ணிவிடக் கூடாது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 பெருமழை ஆகிய மூன்றையும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் கண்ட கடலூர் மாவட்டத்தில், தகரப்பெட்டியோடு பள்ளிச் சான்றிதழும் நிலப்பட்டாவும் நீரில் போன குடும்பங்கள் உண்டு. 2015 வெள்ளத்துக்குப் பிறகு இழந்த சான்றிதழ்களைத் திரும்ப வழங்க அரசு சிறப்பு முகாம்களே நடத்த வேண்டியிருந்தது. எனவே ஒரு பிரதி வீட்டுக்கு வெளியே இருப்பது அறிவுடைமை. ஆனால் அதற்கு மின்னஞ்சல் பெட்டியே ஏற்ற இடம் என்று சொல்ல முடியாது. மத்திய அரசு 2015-இல் தொடங்கிய டிஜிலாக்கரில் ஒவ்வொருவரும் தாமே ஏற்றும் ஆவணங்களுக்கு 1 ஜிபி இடம் உண்டு. ஆதார், ஓட்டுநர் உரிமம், மதிப்பெண் பட்டியல் முதலியவற்றை வழங்கிய துறையிடமிருந்தே நேரடியாகப் பெற்று வைக்கவும் முடியும், அவ்வாறு பெற்றவை சட்டப்படி மூல ஆவணத்துக்கு இணையாக ஏற்கப்படும்.

மொத்தப் பெட்டியையும் பிரதி எடுத்துவிட்டுத் துணிந்து அழிக்க விரும்புகிறவருக்கு, கூகுள் 2011-இல் கொண்டுவந்த டேக்அவுட் என்ற வசதி உதவும். அது கடிதங்கள் அனைத்தையும் எம்பாக்ஸ் என்ற ஒரே கோப்பாகக் கட்டித் தரும். தண்டர்பேர்ட் என்ற இலவச மென்பொருளில் அதைச் சேர்த்து, இணையமே இல்லாமல் படிக்கலாம், தேடலாம். கைபேசியிலும் கணினியிலும் ஒரே பெட்டியைப் பார்ப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஐமேப் என்ற முறையில் இணைந்திருந்தால் ஓரிடத்தில் அழித்தது எல்லா இடத்திலும் அழியும், பழைய பாப் முறையிலோ கடிதம் கணினிக்கு இறங்கிவிடும், சேவையகத்தில் பிரதி வைக்க வேண்டுமா என்பதை அமைப்பில் தீர்மானிக்கலாம்.

காசு கொடுத்து இடம் வாங்குவது தவறன்று. கூகுள் ஒன் 2018-இல் இந்தியாவுக்கு வந்தபோது 100 ஜிபிக்கு மாதம் 130 ரூபாய் என்று விலை வைத்தது. தொழில் நடத்துபவருக்கு அது பெரிய தொகையன்று. ஆனால் வாங்கிய இடமும் நிரம்பும், சந்தாவை நிறுத்தினால் கணக்கு வரம்பைத் தாண்டிய நிலைக்குப் போகும், மேலே சொன்ன இரண்டாண்டு விதி அப்போது அதையும் பற்றும். மாதச் சந்தா என்பது வெளியேற முடியாத வாடகை வீடாக மாறுவது இப்படித்தான். 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி இன்று சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தென்காசி வரை பரவியிருக்கும் ஜோஹோ, 2008 முதல் மின்னஞ்சல் சேவை தருகிறது. மத்திய அரசு ஊழியர்களின் மின்னஞ்சல் 2023-இல் ஏற்பட்ட ஒப்பந்தத்தின்படி அதன் தளத்துக்கு மாறியது. அதன் இலவசத் திட்டத்தில் ஒருவருக்குக் கிடைப்பது 5 ஜிபி. எண் சிறியதாகத் தெரிந்தாலும் அங்கே கைபேசிப் படங்களும் வாட்ஸ்அப்பும் வந்து பங்கு கேட்பதில்லை. கடிதத்துக்கு மட்டும் ஒரு தனி முகவரி, படங்களுக்கு வேறு கணக்கு என்று பிரித்து வைப்பது, எந்த நிறுவனத்தின் சேவையானாலும், இந்தச் சிக்கலுக்கு மிகவும் மலிவான தீர்வு.

கல்லூரியோ பல்கலைக்கழகமோ தந்த முகவரியை வைத்திருக்கும் மாணவர்கள் தனியே யோசிக்க வேண்டும். கல்வி நிறுவனங்களுக்கு 2014 முதல் வரம்பில்லா இடம் தந்துவந்த கூகுள், 2021-இல் அதைத் திரும்பப் பெற்று, நிறுவனம் முழுவதற்கும் சேர்த்து 100 டிபி என்று அறிவித்தது. 2022 ஜூலையில் அது நடப்புக்கு வந்தது. பத்தாயிரம் பேர் கொண்ட நிறுவனத்தில் தலைக்கு 10 ஜிபிதான் வரும். படிப்பு முடிந்தவர்களின் கணக்குகளை மூடும் வழக்கம் உலகெங்கும் அதனால் பெருகிற்று. ஆய்வேட்டின் வரைவுகளும் வழிகாட்டிப் பேராசிரியரோடு நடந்த கடிதப் போக்குவரத்தும் அந்தக் கணக்கில் இருந்தால், பட்டம் வாங்குவதற்கு முன்பே அவற்றைச் சொந்தக் கணக்குக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

நிரம்பிய கணக்கைவிட மறந்துபோன கணக்குக்கு ஆபத்து அதிகம். இரண்டு ஆண்டுகள் ஒருமுறைகூடத் திறக்கப்படாத தனிநபர் கணக்குகளை முழுவதுமாக நீக்கப் போவதாக 2023 மே மாதத்தில் அறிவித்த கூகுள், அந்த டிசம்பரிலேயே வேலையைத் தொடங்கிவிட்டது. வளைகுடாவில் இருந்தபோது ஒரு கணக்கு, ஊர் திரும்பிய பின் புதிய எண்ணில் இன்னொரு கணக்கு என்று வைத்திருப்பவர்களும், காலமான பெற்றோரின் கணக்கில் குடும்பப் படங்கள் இருப்பவர்களும் இதை அறிந்திருப்பது நல்லது. கணக்கு உரியவர் உயிரோடு இருக்கும்போதே, செயலற்ற கணக்கு மேலாளர் என்ற பகுதியில் பத்துப் பேர் வரை பெயர் குறித்து, மூன்று மாதம் முதல் பதினெட்டு மாதம் வரை தாம் நுழையாவிட்டால் கணக்கில் உள்ளவற்றை அவர்களுக்குத் தரலாம் என்று எழுதி வைக்க முடியும். 2013 முதல் இருக்கும் இந்த வசதியைப் பயன்படுத்த ஐந்து நிமிடம் ஆகும். அதுவரை, ஆண்டுக்கு ஒருமுறையாவது பழைய கணக்கின் கடவுச்சொல்லை இட்டு உள்ளே போய் ஒரு கடிதத்தைத் திறந்து படித்தால், அந்தக் கணக்கு செயல்பாட்டில் இருப்பதாகவே கொள்ளப்படும்.